மச்சத்துக்கு மலாயில் என்ன பேர்?

போன வருடம் தைப்பூசம் முடிந்து, ரோட்டோரத் தண்ணீர்ப் பந்தல்களை எல்லாம் பிரித்துக்கொண்டிருந்த சமயத்தில் நடந்தது இது. பினாங்கு ஜார்ஜ்டவுனில், ஜெலுத்தோங் பக்கம் ஒரு அடுக்குமாடியின் பதினோராவது மாடியில் எங்கள் வீடு. லிஃப்ட் ஓடுகிற நாளில் நாங்கள் பணக்காரர்கள். ஓடாத நாளில் மலையேறும் பக்தர்கள்.

நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டோடு நின்றவள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றின் கேண்டீனில் ரொம்ப வருடம் பாத்திரம் கழுவினேன். அங்கே மலாய்க்காரப் பெண்களோடு வாயடித்து வாயடித்தே எனக்கு மலாய் வந்தது. படிப்பு இல்லாத குறையை என் வாய் தீர்த்துவைத்தது என்று வையுங்களேன். கல்யாண வீடு, காரிய வீடு, எங்கே போனாலும் நான் உட்கார்ந்த பக்கம்தான் கூட்டம் சேரும். யாரையாவது ஒரு வார்த்தை சீண்டி, பத்துப் பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் எழுந்து வருவேன். அது எனக்குப் பெருமை. சீண்டப்பட்ட அந்த ஒரு ஆள் என்ன நினைத்திருப்பார் என்று யோசித்தவள் இல்லை. அவரும் கூடச் சிரித்தாரே, அப்புறம் என்ன?

என் மகன் கல்யாணம் செய்தது தமிழ்நாட்டுப் பெண்ணை. பட்டுக்கோட்டைப் பக்கம். மருமகள் முதல் பிள்ளை உண்டானபோது, பிரசவம் பார்த்துப் பத்தியம் வைத்துக் கொடுப்பதற்காக அவளுடைய அம்மா விமானம் ஏறி வந்தார். என் சம்பந்தியம்மா. புருஷன் இல்லாமல் ஒரே பெண்ணை வளர்த்து ஆளாக்கியவர். நான் எவ்வளவு சத்தமோ அவர் அவ்வளவு அமைதி. சமையலறையில் அவர் நிற்கிறாரா இல்லையா என்றே தெரியாது. பூண்டு வதங்கும் வாசனை வந்தால்தான் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.

வந்த முதல் நாளே எனக்கு ஒரு விஷயம் மாட்டியது. அவர் காலுறையைக் கழற்றவே இல்லை. தடித்த பழுப்பு நிறக் காலுறை. வீட்டுக்குள்ளும் அதோடுதான் நடந்தார். இடது பாதத்தை ஒரு மாதிரி சாய்த்து வைத்து நடப்பார். பினாங்கு வெயிலில் நாங்கள் மாவாக வெந்துகொண்டிருக்கிறோம், இவர் காலுக்குக் கம்பளி போட்டு வைத்திருக்கிறார். விடுவேனா?

"சம்பந்தி, நீங்க ஏறுன பிளேன் தப்பான ஊருல எறக்கிவிட்டுடுச்சுலா. இங்க ஐஸ் மழை பேயாது!"

"பித்தவெடிப்பு அண்ணி. தரை குளுந்தா எரியுது," என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

கல்யாணத்தன்றுகூட அப்படித்தான். அங்கே பட்டுக்கோட்டை மண்டபத்தில், மணமேடையில் நின்றபோது புடவைக் கரையால் பாதத்தை மூடி மூடி நின்றார். அப்போதே நான் மைக் இல்லாமல் மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்: "பேய்க்குத்தான்யா கால் இருக்காது. எங்க சம்பந்தியம்மாவுக்கு இருக்கான்னு யாராச்சும் பாத்துச் சொல்லுங்க!" மாப்பிள்ளை வீடு, பெண் வீடு இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. அவரும் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பேத்தி பிறந்தாள். ஆனால் பிள்ளை பெற்ற மருமகள் தேறிக்கொண்டு வர, பத்தியம் வைத்துக் கொடுக்கிறவர் இளைத்துக்கொண்டே போனார். ஒரு கவளம் சாப்பிட்டால் போதும் என்று தட்டைத் தள்ளிவிடுவார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். காலையில் குளியலறையில் ஓங்கரிக்கும் சத்தம் கேட்கும். கன்னம் மஞ்சளும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் பழைய துணி நிறத்தில் போயிற்று.

இதற்கும் நான் ஒன்று வைத்திருந்தேன். "மகளுக்குப் பாக்க வந்தீங்களா, இல்ல நீங்களே மசக்கையா? சொல்லுங்க சம்பந்தி, ரெண்டு பேருக்கும் ஒண்ணா வளகாப்பு வச்சிருப்பேனே!"

பக்கத்து வீட்டுச் சீனத்தி வரைக்கும் இதை மலாயில் சொல்லிச் சிரிக்க வைத்தேன். சம்பந்தியம்மா முகம் சிவந்து, உள்ளே போய்ப் பிள்ளைத் துணியை மடிக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒரு நாள் காலை இரண்டு பேரும் பாசாருக்குப் போனோம். மீன் கடைக்குப் பக்கத்தில், ஈரத் தரையிலேயே அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண் செருகிக்கொண்டு போயிற்று. மீன்காரத் தம்பி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டு, ஐஸ் தண்ணீரை முகத்தில் தெளித்தான். மகன் வேலையில். மருமகள் பச்சைப் பிள்ளைக்காரி. நானே வாடகை வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

ரத்தம் ரொம்பக் குறைவு என்றார்கள். படுக்கையில் போட்டு ரத்தம் ஏற்றினார்கள். அங்கே இருந்த மலாய்க்கார இளம் டாக்டருக்குத் தமிழ் தெரியாது. சம்பந்தியம்மாவுக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. நடுவில் நான். என் மலாய்க்கு அன்றுதான் பட்டாபிஷேகம். டாக்டர் கேட்பதை இவரிடம் சொல்வது, இவர் சொல்வதை டாக்டரிடம் சொல்வது. மலம் என்ன நிறம் என்று டாக்டர் கேட்டார். சம்பந்தியம்மா அதற்குப் பதில் சொல்வதற்குள் எனக்கே வயதாகிவிட்டது. கடைசியில் என் காதில், "தார் மாதிரி அண்ணி," என்றார். எத்தனை நாளாக என்றால், ஊரிலேயே ஆரம்பித்ததாம். பேறுகாலம் பார்க்க வரவேண்டுமே என்று யாரிடமும் சொல்லவில்லையாம்.

கறுப்பாகப் போனால் குடலில் எங்கோ ரத்தம் கசிகிறது என்று அர்த்தமாம். மறுநாள் வாய் வழியாகக் குழாய் விட்டு, கேமராவில் வயிற்றுக்குள் பார்த்தார்கள். முடிந்ததும் ஒரு சின்ன அறையில் எங்களை உட்கார வைத்தார் அந்த டாக்டர். நர்ஸ் ஒருத்தி, அடுத்த முறைக்காகக் காத்திருந்த ஒரு சீனக் கிழவர், அவர் மகள். எல்லாரும் அதே அறையில்தான். டாக்டர் சம்பந்தியம்மாவின் வயிற்றுப் படத்தைத் திரையில் காட்டினார். இளஞ்சிவப்புத் தோலில் மை தெறித்த மாதிரி கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். அதில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், பதில் வரக் கொஞ்ச நாளாகும் என்றார். பிறகு, என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"மக்சிக் இனி டுலு பெர்னா புவாங் தாஹி லாலாட்?"

மலாய் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மலாயில் மச்சத்துக்குப் பெயர் 'தாஹி லாலாட்'. 'லாலாட்' என்றால் ஈ. 'தாஹி' என்றால், நாகரிகமாகச் சொன்னால், எச்சம். ஈ முகத்தில் உட்கார்ந்து வைத்துவிட்டுப் போன புள்ளி மாதிரி இருப்பதால் அப்படி ஒரு பேர். 'புவாங்' என்றால் எடுத்துப் போடுவது. இந்த அம்மா முன்னால் எப்போதாவது மச்சத்தை எடுத்திருக்கிறாரா என்று கேட்கிறார். கேட்கும்போதே தன் கண்ணுக்குக் கீழே இருந்த மச்சத்தை விரலால் தொட்டும் காட்டினார்.

எனக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் நன்றாகத் தெரியும். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். தெரியாமல் செய்யவில்லை. ஆனால் 'தாஹி' என்ற சொல் காதில் விழுந்ததும், என் நாக்கு என்னைக் கேட்காமலே எழுந்து நின்றுவிட்டது.

"சம்பந்தி, நீங்க எப்பவாச்சும் ஈப் பீயை எடுத்துப் போட்டிருக்கீங்களான்னு கேக்குறாரு. நேத்து உங்க பீயைக் கேட்டாரு, இன்னிக்கு ஈயோட பீக்கு வந்துட்டாருலா!"

சொன்னதோடு நிற்கவில்லை. நான் என்ன மொழிபெயர்த்தேன் என்பதை மலாயில் டாக்டருக்கும் சொன்னேன். அவர் திகைத்து, பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். நர்ஸ் மேசையைத் தட்டிச் சிரித்தாள். சீனக் கிழவருக்கு அவர் மகள் சொல்ல, அவர் பல் இல்லாத வாயைத் திறந்து குலுங்கினார். ஆஸ்பத்திரி அறை கோப்பிக்கடை மாதிரி ஆகிவிட்டது.

சம்பந்தியம்மா வாயைத் திறந்தார். "இல்ல அண்ணி, அது வந்து..." என்று ஏதோ ஆரம்பித்தார். பார்வை கீழே, தரைப் பக்கம் போயிற்று. நான் பார்த்தேன். பார்த்தும், வெட்கப்படுகிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அவர், "சீ, போங்க," என்று வாயைப் பொத்திக்கொண்டார். நான் டாக்டர் பக்கம் திரும்பி, "தக் அடா, டாக்டர்," என்றேன். இல்லை என்று. டாக்டர் சிரிப்பு அடங்காமலே அதைக் கம்ப்யூட்டரில் தட்டினார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து மகனிடம் இந்தக் கதையை நடித்துக் காட்டினேன். அவனும் சிரித்தான்.

சத்து மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அடுத்தது கீழ் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க ஒரு நாள் குறித்திருந்தார்கள். அதற்குள் பேத்தியைத் தொட்டிலில் போடும் நாள் வந்தது. வீடு நிறைய ஆட்கள். பெண்கள் எல்லாம் தொட்டிலைச் சுற்றி நிற்க, பிள்ளையைத் தாங்கி வந்த சம்பந்தியம்மா, அதை மகள் கையில் திணித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடிந்து விழுந்தார். வயிறு உப்பி, தட்டினால் மேளம் மாதிரி இருந்தது. பச்சையாக வாந்தி எடுத்தார். வலியில் கத்தக்கூட இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு "உம், உம்" என்றார். அந்த 'உம்' இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. மகன் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு பறந்தான். நான் பின் சீட்டில் அவர் தலையை மடியில் வைத்திருந்தேன். வழியெல்லாம் எனக்கு ஒரு வேடிக்கைப் பேச்சும் வரவில்லை.

அவசரப் பிரிவில் இந்தத் தடவை ஒரு தமிழ் லேடி டாக்டர். நடுத்தர வயது. மகன் காரை நிறுத்தப் போயிருந்தான். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், அடுத்து வயிற்றை அமுக்கினார், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார். சோதனைக்கு அனுப்பிய துணுக்கின் பதில் அன்றைக்குத்தான் வந்திருந்ததாம்.

"வயித்துல இருக்கிறது வயித்துல பொறந்தது இல்லம்மா," என்றார். "தோல்ல கறுப்பு நெறம் குடுக்கிற எடத்துல இருந்து வந்தது. எங்கயோ ஒரு மச்சமோ கறுப்புத் தழும்போ இருந்திருக்கணும். ஆனா இங்க இல்லைன்னு எழுதியிருக்கே?"

அந்த 'இல்லை' நான் சொன்னது.

டாக்டர் தலையிலிருந்து தொடங்கினார். முடியை விலக்கிப் பார்த்தார். கண் இமையைத் திருப்பிப் பார்த்தார். முதுகு, அக்குள், விரல் நகம் எல்லாம் பார்த்தார். "காலுறையைக் கழட்டுங்கம்மா," என்றார்.

அவ்வளவு வலியிலும் சம்பந்தியம்மா காலை இழுத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணி, நீங்க கொஞ்சம் வெளிய இருங்களேன்," என்றார்.

பழக்கம் விடுமா? "ஏன், நான் என்ன ஆம்பளையா?" என்றேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. சம்பந்தியம்மாவும் சிரிக்கவில்லை. என்னை அவர் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கெஞ்சல் இருந்தது.

"நீங்க சிரிப்பீங்க அண்ணி," என்றார்.

நான் திரைக்கு வெளியே வந்து நின்றேன். திரை என்றால் என்ன, ஒரு துணி. எல்லாம் கேட்டது. காலுறை கழன்றது. உள்ளே வைத்திருந்த பஞ்சைத் தட்டில் போட்ட மாதிரி ஒரு சின்னச் சத்தம். பிறகு டாக்டர், "எப்பம்மா பெருவிரலை எடுத்தாங்க?" என்று கேட்டார்.

மகளுக்குப் பூ வைத்து, கல்யாண நாள் குறித்த பிறகாம். இடது கால் பெருவிரல் நகத்துக்கு அடியில் ஒரு கறுப்புக் கோடு. ஆட்டுக்கல் குழவி விழுந்த ரத்தக்கட்டு என்று நினைத்து விட்டுவிட்டாராம். கோடு அகலமாகி, நகம் பிளந்து புண்ணானபோது தஞ்சாவூரில் காட்டியிருக்கிறார். புற்று என்று சொல்லி விரலை எடுத்திருக்கிறார்கள். விடாமல் வந்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றிரண்டு தடவை போனாராம். கல்யாண வேலையில் நின்றுபோயிற்று. மகளிடம் சொன்னது, ஆணி குத்திச் சீழ் வைத்து விரலை எடுத்துவிட்டார்கள் என்று. அதையும் புகுந்த வீட்டில் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்.

"ஏம்மா மறைச்சீங்க?" என்றார் டாக்டர்.



"மாப்புள வீட்டுக்குத் தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும்னு அப்ப பயந்தேன். அப்புறம்..." குரல் உடைந்தது. "அவங்க அம்மா தங்கமானவங்கதான். ஆனா வாய் சும்மா இருக்காது. ஒரு வார்த்தை சொன்னா ஊரே சிரிக்கும். விரல் இல்லாதவ மக, புத்துக்காரி மகன்னு பேராயிடும். என் பொண்ணு அந்த வீட்டுல வாழணும்ல டாக்டர்."

டாக்டர், அன்றைக்கு மலாய் டாக்டர் கேட்டபோதாவது சொல்லியிருக்கலாமே என்றார்.

"அவரு கன்னத்தைத் தொட்டுக் காட்டுனப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சு. இனிமே மறைக்கக் கூடாதுன்னு வாயைத் தொறந்தேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க."

அந்தத் திரைக்கு இந்தப் பக்கம் நான் நின்ற நிலையை எப்படிச் சொல்வது? பக்கத்தில் தள்ளுவண்டியோடு நின்ற ஆள் என்னைப் பார்த்து, "உக்காருங்க அக்கா," என்றார். நான் உட்காரவில்லை. உட்கார எனக்கு யோக்கியதை இல்லாத மாதிரி இருந்தது. இத்தனை வருடம் எல்லாரும் என் பேச்சுக்குச் சிரித்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் எத்தனை பேர் பயந்து சிரித்தார்களோ! மூடி மூடி நின்ற அந்தப் பாதத்தைப் பார்த்து மண்டபத்தில் நான் கத்தினபோது, விரல் எடுத்த புண்கூட அவருக்குச் சரியாக ஆறியிருக்காது.

டாக்டர் வெளியே வந்து, "முதல் தடவை யாரும்மா கூட வந்து பேசினது?" என்று கேட்டார்.

"நான்தான்," என்றேன். மச்சத்தைப் பற்றிக் கேட்டது எனக்குப் புரிந்தது என்றும், வேடிக்கைக்காக வேறு மாதிரி சொன்னேன் என்றும், அவரிடம் பதிலே வாங்காமல் இல்லை என்று நானாகச் சொல்லிவிட்டேன் என்றும் சொன்னேன். டாக்டர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. படிக்காதவளுக்குப் புரிகிற மாதிரி பொறுமையாக விளக்கினார். நகத்தடியில் இருந்த நோய் விரலோடு போகாமல் ரத்தத்தில் ஏறி, இரைப்பையிலும் சிறுகுடலிலும் போய் உட்கார்ந்திருக்கிறது. சிறுகுடலில் ஒரு கட்டி, குடலைச் சட்டைக் கைக்குள் கையை இழுத்த மாதிரி உள்ளே இழுத்து அடைத்திருக்கிறது. உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும். 'மெலனோமா' என்று பேர் சொன்னார். வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் அந்தப் பேரை வைத்து ஏதாவது மெலன் பழச்சாறு ஜோக் சொல்லியிருப்பேன்.

"அன்னைக்கே தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டேன்.

"நோய் அதுக்கு முன்னாடியே பரவிடுச்சும்மா. அது உங்களால வந்தது இல்ல." அவர் கையுறையைக் கழற்றினார். "ஆனா அன்னைக்கே உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்திருப்போம். இந்தக் கட்டியைப் பாத்திருப்போம். இப்படி அடைச்சிக்கிட்டு, இந்த நெலமையில அறுக்க வேண்டி வந்திருக்காது."

முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு நான் தப்பித்திருக்கலாம். பலர் எனக்கு அதைத்தான் சொன்னார்கள். எனக்கு இரண்டாம் பாதிதான் நிற்கிறது.

காரை நிறுத்திவிட்டு வந்த மகனிடமும், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்த மருமகளிடமும் ஆபரேஷன் அறை வாசலில் நானே எல்லாவற்றையும் சொன்னேன். மகன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். மருமகள் பிள்ளையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். "எனக்கே புத்துன்னு சொல்லல அத்தே," என்றாள். "நானும் ஏன்னு கேக்கல. காலுறையைப் பத்தி நீங்க கிண்டல் பண்ணுனப்ப, நானும்தானே சிரிச்சேன்."

அவள் என்னைச் சத்தம் போட்டிருக்கலாம். அதற்குப் பதில் குற்றத்தில் பங்கு கேட்கிறாள். அந்த நேரத்தில் அது இன்னும் கூச்சமாக இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடைத்திருந்த குடல் துண்டை எடுத்துவிட்டுத் தைத்திருந்தார்கள். மறுநாள் வார்டில் அந்த மலாய்க்கார இளம் டாக்டர் வந்தார். அவரை நான் வராந்தாவில் நிறுத்தினேன். வாழ்நாளில் நான் பேசிய மலாயிலேயே சிரிப்பு இல்லாத மலாய் அதுதான். தப்பு முழுக்க என்னுடையது, உங்கள் கேள்வியை நான் அவரிடம் சேர்க்கவே இல்லை என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சாயா புன் கெதாவா, மக்சிக்," என்றார். நானும்தான் சிரித்தேன் என்று. "சிரிச்சு முடிச்சதும் மறுபடி ஒரு தடவை கேட்டிருக்கணும்."

என் மகன் வயதுதான் இருக்கும். முகம் வாடி நின்றதைப் பார்த்தபோது, என் வாய் இந்தப் பிள்ளையின் வேலையையும் கெடுத்துவிட்டதே என்று இன்னொரு வெட்கம் சேர்ந்துகொண்டது.

சம்பந்தியம்மா கண் விழித்துப் பேச ஆரம்பித்த பிறகு, பக்கத்தில் போக எனக்குத் தைரியமில்லை. மருமகள் பிள்ளைக்குப் பால் கொடுக்க வீட்டுக்குப் போன நேரம் பார்த்துத்தான் போனேன். போர்வைக்கு வெளியே இரண்டு பாதமும் தெரிந்தன. காலுறை இல்லை. இடது பாதத்தில் பெருவிரல் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது. பார்க்காத மாதிரி இருப்பதா, பார்ப்பதா என்று தெரியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சம்பந்தி, நான்..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. திரைக்குப் பின்னால் நின்று எல்லாம் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். மன்னிச்சிடுங்க என்று சொல்ல வேண்டும். கேண்டீனில் மேனேஜரையே வாயடைக்க வைத்தவள், ஒரு வார்த்தைக்காகத் தொண்டையைக் கனைத்துக் கனைத்து நிற்கிறேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. மூக்கில் குழாய். ஆனால் கண்ணில் ஏதோ ஒன்று மெல்ல வந்தது.

"என்ன அண்ணி," என்றார், காற்று மாதிரி குரலில். "குடலை எனக்கு எடுத்தாங்கன்னு பாத்தா, நாக்கை உங்களுக்கு எடுத்துட்டாங்களா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். தையல் இழுத்து, "அம்மா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அப்படியும் சிரித்தார். அன்றைக்கு அவர் வாயைப் பொத்தவில்லை. எனக்கோ அழுகை பீறிட்டது. அடுத்த கட்டில் மலாய்க்கார அம்மா பயந்து மணியை அடிக்க, நர்ஸ் ஓடி வந்து, சிரிக்கிறவர் நோயாளி, அழுகிறவள் பார்க்க வந்தவள் என்று புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

தையல் ஆறியதும் அவருடைய தம்பி வந்து ஊருக்குக் கூட்டிப்போனார். இப்போது திருச்சியில் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறார். கட்டிகள் கொஞ்சம் சுருங்கியிருக்கின்றனவாம். முழுக்கப் போய்விடும் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பேத்தியைப் பார்க்கப் போனில் வருவார். "அண்ணிகிட்ட குடு," என்று கேட்டு என்னோடும் பேசுவார். மருந்து ஏற்றின வாரம் எப்படி இருந்தது என்று நான் கேட்பேன். ஒவ்வொன்றாகச் சொல்வார். வயிறு எப்படிப் போகிறது என்றுகூட இப்போது கூச்சமில்லாமல் சொல்கிறார். நான் குறுக்கே பேசாமல் கேட்கிறேன். அவர் என்னை மன்னித்துவிட்டதாக மருமகள் சொல்கிறாள். இருக்கலாம், அவர் அப்படிப்பட்டவர்.

நான் இன்னும் மாறிவிடவில்லை, பொய் சொல்லக் கூடாது. கூட்டத்தைக் கண்டால் என் நாக்கு இப்போதும் துடிக்கிறது. ஆனால் நான் சொன்னதற்குப் பத்துப் பேர் சிரிக்கும்போது, அந்தச் சத்தத்துக்கு அடியில் யாரோ ஒருவர் வாய் திறந்து, சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாரோ என்று என் கண் தேட ஆரம்பித்துவிடுகிறது, அப்போதெல்லாம் முதலில் தலை குனிவது நான்தான்.